உன் புத்தகத்தில் இல்லாத பன்னிரண்டாவது கதை

மகனே,

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்த உடனே "ஷிப்ட்ல கீறேம்மா, அப்பறமா பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. தபாலில் போட்டால் நாளாகிவிடும் என்பதால் எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படி. நீ எழுத்தாளன் ஆகிவிட்டாய் என்பதற்காக நானும் எழுதிக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தக் காலனிக்கு மனு எழுதுகிறவள் நான். பத்தாவது வரை படித்த பெண் அப்போது இங்கே நான் ஒருத்திதான். பட்டா கேட்டு, தெருவிளக்கு கேட்டு, சுடுகாட்டுக்கு வழி கேட்டு, விதவை பென்ஷன் கேட்டு நான் எழுதியதையெல்லாம் சேர்த்து அட்டை போட்டால் உன் புத்தகத்தைவிடத் தடிமனாக வரும். அதற்கெல்லாம் யாரும் அணிந்துரை எழுதவில்லை.

அச்சுக்குப் போகும் முன் பார்க்கச் சொல்லி நீ அனுப்பிய புத்தகப் பிரதியை முழுக்கப் படித்துவிட்டேன். பதினொரு கதை. சத்துணவுக்கூடத்தில் அரிசி வேகும் நேரத்தில் ஒன்று, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஒன்று என்று நான்கு நாளில் முடித்தேன். கம்பெனி பஸ்ஸில் தூங்கியபடியே தன் ஊரைத் தாண்டிப் போய்விடுகிறவனின் கதை எனக்குப் பிடித்தது. ஐந்து பேர் ஒரே அறையில் ஷிப்ட் மாற்றி ஒரே பாயில் படுக்கிற கதையைப் படித்து அழுதேன், ஏனென்றால் உனக்குத் தனி அறை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாய். நன்றாக எழுதுகிறாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போவதெல்லாம் திட்டு.

எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். போன பொங்கலுக்குப் புதிதாக எழுத வந்தவர்களின் கதைப் புத்தகங்களைப் பை நிறையக் கொண்டுவந்தாயே, எல்லாவற்றிலும் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஒருவர் சென்னையில் இரண்டு பூனைகளோடு வசிக்கிறார். இன்னொருவருக்குப் பயணத்திலும் போட்டோ எடுப்பதிலும் ஆர்வம். ஒரு பெண் மட்டும், "அம்மா செங்கல் சூளையில் வேலை பார்த்தார், நான் அங்கேதான் பிறந்தேன்" என்று எழுதியிருந்தாள். அவள் புத்தகத்தைத்தான் நான் முதலில் படித்தேன். உன் கடைசிப் பக்கத்தில் நீ என்ன எழுதியிருக்கிறாய்? "உத்திரமேரூர் அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளித் தமிழாசிரியர் தந்த ஊக்கத்தால் எழுத வந்தார். ஒரகடத்தில் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார்." மூன்று வரியில் மூன்றாவது மட்டும்தான் உண்மை. விவசாயக் குடும்பமா நாம்? எந்த சர்வே நம்பரில் விவசாயம் பண்ணினோம்? உன் அப்பாவும் அவருடைய அப்பாவும் அடுத்தவன் சேற்றில் நின்றவர்கள். கூலிக்காரக் குடும்பம் என்று எழுத உனக்குக் கை கூசியிருக்கிறது. சரி, அதையாவது வயதுக் கோளாறு என்று விட்டுவிடுகிறேன். இரண்டாவது வரியை விட மாட்டேன்.

அந்த இரண்டாவது வரிக்காரர் உனக்கு ஆறு பக்கத்துக்கு அணிந்துரை வேறு எழுதிக் கொடுத்திருக்கிறார். குடிசையில் கிடந்த மணியைத் தான் கண்டெடுத்தாராம், பட்டை தீட்டினாராம். கேட்டால், "மொத புக்கும்மா, பெரியவங்க அணிந்துரை இருந்தாத்தான் லைப்ரரில எடுப்பாங்கன்னு பதிப்பகத்துல சொல்றாங்க" என்கிறாய். தமிழய்யா உன்னைக் கண்டெடுத்த லட்சணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து நீ அதைக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேள்.

நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, பெருநகர் போகிற வழியில் பெரிய வீட்டுக்காரர் நிலத்தில் நடவு. எனக்கு எட்டாம் மாதம். பாதி வயல் நட்டிருப்போம், இடுப்பு வலி கண்டுவிட்டது. வரப்பில் படுக்க வைத்து உன் கன்னியம்மா பெரியம்மாதான் பிள்ளையை எடுத்தாள். பெண் பிள்ளை. நன்றாக அழுதது. சேற்றில் நின்ற ஒன்பது பொம்பளைகளில் ஒருத்தியிடமும் உலர்ந்த துணி இல்லை. மோட்டார் கொட்டகையில் பெரிய வீட்டுக்காரரின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கன்னியம்மா ஓடிப்போய் அதை எடுத்து வந்து பிள்ளையைச் சுற்றினாள். ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு வரைக்கும் என்னைத் தாங்கிக்கொண்டு நடந்தார்கள். பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றோம். பஸ் உத்திரமேரூரைச் சேர்வதற்குள் பிள்ளை குளிர்ந்துவிட்டது. சாயங்காலம் ஆற்றங்கரையில் உன் அப்பா குழி தோண்டிக்கொண்டிருந்தபோது பெரிய வீட்டு ஆள் வந்து தள்ளி நின்றான். "ஐயா துண்டைக் கேக்கறாரு" என்றான். உன் அப்பா குழியை விட்டு ஏறி வந்தார். என் மடியிலிருந்த பிள்ளையை வாங்கிக் கீழே வைத்துத் துண்டைப் பிரித்தார். நான் என் உள்பாவாடையைக் கிழித்துக் கொடுத்தேன். அந்த ஆள் துண்டைக் கையால் தொடாமல் குச்சியால் தூக்கிக்கொண்டு போனான். களத்தில் வைத்து அதைக் கொளுத்தினார்களாம். துண்டு வேண்டும் என்று பெரிய வீட்டுக்காரர் கேட்கவில்லை. எங்கள் பிள்ளையோடு அது மண்ணுக்குள் போகக் கூடாது என்றுதான் கேட்டார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ பதினொன்றாவது படிக்கும்போது கன்னியம்மா வாய் தவறி, "உங்கக்கா இருந்திருந்தா இந்நேரம் கட்டிக் குடுத்திருப்போம்" என்று சொல்லிவிட்டாள். நீ என்னை விடவில்லை. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னேன். நீ எழுந்து வெளியே போய்விட்டாய். அதை மாவட்டச் சிறுகதைப் போட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிடும்வரை எனக்குத் தெரியாது.

ஆசிரியர் அறையில் தமிழய்யா உட்கார்ந்திருந்தார், நான் நின்றேன், நீ வாசலில் நின்றாய். "உன் பையன் இதைத் தானே எழுதினேன்னு சொல்றான்மா. இந்த வயசுல, உங்க வீட்டுல இருந்து வர்ற பையன் இப்படி எழுத முடியாது. எங்கேயோ பார்த்து எழுதியிருக்கான்" என்றார். இரண்டு பக்கம் படித்தும் காட்டினார். மோட்டார் கொட்டகை வந்ததுமே நான் குறுக்கே பேசினேன்.

"அது அவன் கட்டுனது இல்ல சார்" என்றேன். "என் வூட்டுல நடந்தது. நான் சொன்னதத்தான் எழுதிக்கினு வந்துகீறான்."

"அப்போ அவன் சொந்தமா யோசிச்சு எழுதலை. அதைத்தானே நானும் சொல்றேன்."

"ஆமா சார்."

அந்த "ஆமா சார்" என்ற இரண்டு வார்த்தைக்காக நான் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. என் புத்தி அப்போது எப்படி இருந்தது என்றால், கதை என்பது நடக்காததைக் கட்டுவது. ராஜா, நரி, பேய், அதெல்லாம்தான் கதை. வீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினால் அது மனு. ஆயிரம் மனு எழுதியவள் நான், என்னை யாராவது கதாசிரியை என்றார்களா? அதனால் தமிழய்யா சொல்வது நியாயம் என்றே நம்பினேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "என் மகன் போட்டிக்குக் கொடுத்த கதை அவனுடைய சொந்தக் கதை அல்ல என்று உறுதி கூறுகிறேன்" என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து அழகாக இருப்பதாக அவர் பாராட்டினார். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன்! உன் நோட்டை அவரே வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து உன்னை அகப்பைக் காம்பால் அடித்தேன். "செத்த புள்ளைய இட்டுக்கினு போய் இஸ்கூல்ல வெச்சிட்டியேடா" என்று கத்திக் கத்தி அடித்தேன். நீ அழவே இல்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் நீ ஒரு வரி எழுதவில்லை.

பிறகு ஒருநாள் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தமிழய்யா சிறப்பு விருந்தினராக வந்தார். தன் சிறுகதைப் புத்தகத்தைக் கட்டுக் கட்டாக அன்பளிப்புக் கொடுத்தார். வைக்க இடமில்லை என்று அதையெல்லாம் என் சமையல் கூடத்தில் அரிசி மூட்டை மேல் அடுக்கிவிட்டுப் போனார்கள். பருப்பு கொதிக்கும்போது ஒன்றை எடுத்துப் பிரித்தேன். பரிசு வாங்கிய கதை என்று போட்டிருந்தது. வயல், நடவு, வரப்பில் பிறந்த பிள்ளை, மோட்டார் கொட்டகை. எல்லாம் இருந்தது. பாதி வரிகள் அவர் அன்றைக்கு எனக்குப் படித்துக் காட்டியவையேதான். ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார். அவர் கதையில் பெரிய வீட்டுக்காரரே ஓடி வருகிறார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கையாலேயே பிள்ளைக்குப் போர்த்துகிறார். கண்ணீர் விடுகிறார். கூலிக்காரி அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறாள். முன்னுரை எழுதியவர் இதைத்தான் மனிதநேயத்தின் உச்சம் என்று புகழ்ந்திருந்தார். அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் பருப்பை அடிப்பிடிக்க விட்டது அந்த ஒருநாள்தான். திருடியதைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். என்னை அந்த ஆளின் காலில் விழ வைத்துவிட்டானே, அதை எப்படிப் பொறுப்பது? பார், மரியாதையும் போய்விட்டது. போகட்டும்.

ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இது என் இரண்டாவது குற்றம். உன் அப்பா போன பிறகு எனக்கு இருந்தது இந்தச் சமையல் வேலை ஒன்றுதான். தமிழய்யாவின் மச்சான் அப்போது இந்தப் பக்கத்தில் செல்வாக்கான ஆள். வேலைக்கு உலை வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அந்தப் புத்தகத்தைப் பழைய சாக்குக்குள் செருகி வைத்தேன். உனக்குத் தெரிந்தால் நொந்துபோவாய் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீயோ, பன்னிரண்டாவது படிக்கும்போதே அந்தக் கதையை ஒரு பத்திரிகையில் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்தால் நொந்துபோவேன் என்று மறைத்திருக்கிறாய். போன மாதம்தான் இருவரும் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டோம். நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி மூடி வைத்ததில் அந்த ஆள் விருது வாங்கிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்தார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். கூட ஒரு பத்திரிகைப் பையன் கேமராவோடு வந்தான். வளரும் எழுத்தாளர்களின் வாழ்க்கைப் பின்னணி என்று ஏதோ போடப்போகிறார்களாம். தமிழய்யா நம் தொகுப்பு வீட்டை மேலும் கீழும் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "இது காங்கிரீட்டா இருக்கேம்மா. பக்கத்துல கூரை வீடு ஏதாவது இருக்கா? அதுக்கு முன்னாடி நின்னீங்கன்னா படம் நல்லா வரும்" என்றார்.

"கூரை வூடு கீது சார். ஆனா அதுல ஆடு கட்டிகீறாங்க. ஆட்டோட நிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

கேமராப் பையன் சிரித்துவிட்டான். தமிழய்யா சிரிக்கவில்லை. டீ கொடுத்தேன். பையன் குடித்தான். அவர், "இப்பதாம்மா வீட்டுல குடிச்சேன்" என்றார். எத்தனை வருஷமானாலும் நம் தெருவுக்கு வரும்போது மட்டும் இவர்கள் இப்போதுதான் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். போகும்போது, "விழாவுல புத்தகத்தை நான் வெளியிடறேன், முதல் பிரதியை நீங்கதான் வாங்கிக்கணும். பெத்த தாய் வாங்கறதுதான் சிறப்பு" என்றார்.

"வாங்கிக்கறேன் சார்" என்றேன். இந்தத் தடவையும் சிரித்தேன். இந்தச் சிரிப்பு வேறு என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டுக் குமுறினேன். நீ என்ன சொன்னாய்? "உட்டுடும்மா. பழி வாங்கறதுக்கு எழுதக் கூடாதும்மா. அந்தக் கதையப் போட்டா நான்தான் அவருத காப்பி அடிச்சேன்னு சொல்லுவாங்க." வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பிள்ளையாக உன்னை வளர்த்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதற்காக எழுத வேண்டும், எதற்காக எழுதக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மற்றவர்கள் பெருந்தன்மையாக எழுதட்டும். அவர்கள் வீட்டுக் கதையை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. உன் முதல் புத்தகம் வருகிறது, அதில் உன் முதல் கதை இல்லை. அதை எடுத்துக்கொண்டு போனவரின் படமும் ஆறு பக்கமும் இருக்கிறது. இதற்குப் பெயர் பெருந்தன்மை இல்லை, பயம். எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

அச்சுக்குப் போக இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்றாய். நான் சொல்வதைச் செய். அந்த அணிந்துரையைத் தூக்கு. லைப்ரரியில் எடுக்காவிட்டால் கிடக்கட்டும், நான் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வீடு வீடாக விற்கிறேன். கடைசிப் பக்கத்தை அழித்துவிட்டு இப்படி எழுது: "கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். இவர் பள்ளியில் படிக்கும்போது எழுதிய முதல் கதையை இவருடைய தமிழாசிரியர் திருடிக்கொண்டார். அது இவருடையது அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் இவருடைய அம்மா." என்னை விட்டுவிட்டு அவரை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். பழி தீர்ப்பதென்றால் என்னிடமும் சேர்த்துத் தீர்த்துக்கொள். அகப்பைக் காம்பைப் பற்றியும் எழுத வேண்டும் என்றால் எழுது. அந்த நோட்டு போனால் போகிறது, கதையை மறுபடியும் எழுது. துண்டைக் குச்சியால் தூக்கிக்கொண்டு போனது வரைக்கும் எழுது.

நீ செய்யாவிட்டாலும் நான் செய்யப்போவது மாறாது. அழைப்பிதழில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். முதல் பிரதி வாங்குகிறவர் மைக்கில் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு நடவில் இருந்தவர்களில் நான்கு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கன்னியம்மாவோடு சேர்த்து நால்வரையும் முன்வரிசையில் உட்கார வைக்கப்போகிறேன். "நாங்க இன்னாடி பண்ணணும் அங்க?" என்று கேட்டாள் கன்னியம்மா. "ஒண்ணும் பண்ண வேணாம்க்கா, அந்த ஆளு மூஞ்சியவே பாத்துக்கினு குந்திரு, போதும்" என்றேன். வேலை போய்விடும் என்று என்னை இனி மிரட்ட முடியாது, ஓய்வு பெற ஒன்பது மாதம்தான் பாக்கி. முதலில் நான் போட்ட கையெழுத்தைச் சொல்வேன். பிறகு அவர் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "சார், அது உங்க கதைதான்னா, அந்தக் கொயந்தைக்கு இன்னா பேரு?"

அவரால் சொல்ல முடியாது. பிறந்த அன்றே செத்த சிசுவுக்கு ஏதம்மா பேர் என்று மழுப்புவார். அந்தப் பெயர் அவர் கதையில் இல்லை, ஏனென்றால் நீ எழுதியதில் இல்லை. நீ எழுதியதில் இல்லை, ஏனென்றால் நான் உனக்குச் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கும் தெரியாது, கன்னியம்மாவுக்கும் தெரியாது. பஸ்ஸுக்கு நின்றபோது அவளுக்கு இன்னும் உயிர் இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். காதோடு வாயை வைத்து மூன்று தடவை பெயர் சொன்னேன். அவள் கேட்டாளா என்று தெரியாது. அத்தனையையும் எடுத்துக்கொண்டு போன மனிதனால் அதை மட்டும் எடுக்க முடியவில்லை. மேடையில் அவருக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்கிறேன். பதிப்பகத்துக்குப் போன் போடு, புத்தகத்தில் பன்னிரண்டு கதை என்று சொல். பன்னிரண்டாவதுக்குத் தலைப்பு, பூங்காவனம்.

அம்மா